பூட்ட வேண்டியது எதை?

பிறப்பதற்கு முன்பே இவர்களையெல்லாம் தீர்த்துவிட வேண்டும் என்று கூவுகிறான் ஒரு கிழவன். கண்ணிழந்தவன், தெருவில் பாடிப் பிழைப்பவன். சற்றுத் தொலைவில் துப்பாக்கி வெடித்த ஓசை கேட்கிறது. காவலர்கள் சுட்டுவிட்டார்கள், ஓர் இளைஞன் மண்ணில் சாய்ந்துவிட்டான். ஓசை கேட்ட கிழவனின் முகத்திலே மகிழ்ச்சி. ஒருவன் தொலைந்தான், இன்னும் பலர் தொலைவர் என்ற மகிழ்ச்சி!

கல்நெஞ்சன் என்று அவனைக் கடிந்துரைக்கத் தோன்றுகிறதல்லவா? நமக்கும் அப்படித்தான் தோன்றிற்று. ஆனால் தோழர்களே, அந்தக் கிழவன் பேசியதை நாம் வேறெங்கும் கேட்டதில்லையா? தேநீர்க் கடையிலே கேட்டதில்லையா? புகைவண்டிப் பெட்டியிலே கேட்டதில்லையா? பூட்டு உடைந்தது, பை பறிபோனது, கத்திக்குத்து நடந்தது என்று செய்தி வந்த மறுகணமே, "இந்தப் பயல்களை உயிரோடு விடக்கூடாது" என்று பெரிய மனிதர்கள் பேசக் கேட்டதில்லையா? அவர்கள் கிடக்கட்டும், நம் வாய் அப்படிப் பேசியதே இல்லையா?

பேசியிருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

அந்தக் கிழவனை நாம் கண்டது ஒரு படத்திலே. அண்மையில் நண்பர் ஒருவர் வீட்டில் பன்னிரண்டு பேர் கூடி அமர்ந்து பார்த்தோம். மெக்சிகோ நாட்டுப் படம். 1950-ஆம் ஆண்டு வெளிவந்தது. லூயி புனுவல் என்னும் இயக்குநர் எடுத்தது. 'லாஸ் ஒல்விடாடோஸ்' என்பது அதன் பெயர். ஸ்பானிய மொழியில் அதற்குப் பொருள், 'மறக்கப்பட்டவர்கள்'. ஒன்றரை மணி நேரங்கூட ஓடவில்லை. முடிந்தபோது அறையில் எவரும் பேசவில்லை. விளக்கைப் போடவும் எவருக்கும் கை எழவில்லை.

புனுவல் ஸ்பெயின் நாட்டில் 1900-ஆம் ஆண்டு பிறந்தவர். பாதிரிமார் பள்ளியில் படித்து, பாதிரிமார் சொன்னதை நம்ப மறுத்து, வாழ்நாளெல்லாம் நாத்திகராகவே வாழ்ந்தவர். தம் தாயகத்தின் வறண்ட மலைநாடு ஒன்றில் மக்கள் பசியால் வாடுவதை 1933-இல் படம் பிடித்தார். அந்தப் படத்தை அந்நாட்டு அரசு தடை செய்தது. உள்நாட்டுப் போர் மூண்டது; பிராங்கோவின் சர்வாதிகாரம் வென்றது; புனுவல் நாடிழந்தார். 1946-இல் மெக்சிகோவில் குடியேறினார்.

புகலிடம் தந்த நாட்டைப் புகழ்ந்து பாடிப் பொழுதைக் கழித்திருக்கலாம் அவர். அப்போது மெக்சிகோ தலைநகரிலே மாடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன, ஆலைகள் பெருகிக்கொண்டிருந்தன, முன்னேற்றம், முன்னேற்றம் என்ற முழக்கம் வானைப் பிளந்துகொண்டிருந்தது. புனுவல் மாடங்களைப் பார்க்கச் செல்லவில்லை. கந்தல் உடை உடுத்திக்கொண்டு, மாதக்கணக்கில் நகரத்தின் சேரிகளைச் சுற்றினார். அங்குள்ளோருடன் பேசினார், அவர்கள் பேச்சைக் கேட்டார். சீர்திருத்தப் பள்ளிகளில் அடைபட்ட சிறுவர்களைப் பற்றிய ஏடுகளைப் புரட்டினார். குப்பைமேட்டில் ஒரு சிறுவனின் பிணம் கிடந்ததென்ற செய்தியைப் பத்திரிகையில் படித்தார். அந்தச் செய்திதான் படத்தின் முடிவாயிற்று.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

ஹாய்போ என்றோர் இளைஞன். சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பி வருகிறான். பெற்றோர் இன்னாரென அறியாதவன். தாயின் முகம் என்று ஏதோ ஒரு முகம் மட்டும் நினைவில் மங்கலாக நிற்கிறது அவனுக்கு. தெருச் சிறுவர்களுக்கு அவனே தலைவன். கண்ணிழந்த பாடகனைக் கல்லால் அடித்து, அவன் முரசைக் கிழிக்கிறார்கள். காலிழந்து தள்ளுபலகையில் ஊர்ந்து செல்பவனைக் கவிழ்த்துப் போட்டு, அவன் பொருளைப் பறித்து ஓடுகிறார்கள். தன்னைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஹூலியான் என்ற இளைஞன் மீது ஹாய்போவுக்கு ஐயம். ஹூலியான் உழைப்பாளி. குடிகாரத் தந்தையையும் குடும்பத்தையும் தன் கூலியால் காப்பவன். அவனைப் பேச அழைப்பதுபோல் அழைத்துவந்து, பின்னாலிருந்து கல்லால் அடித்து, விழுந்தவனைக் கழியால் அடித்துக் கொன்றுவிடுகிறான் ஹாய்போ. உடனிருந்து பார்க்கிறான் பெத்ரோ என்னும் சிறுவன். அவர்களுக்குப் பின்னால், பாதி எழும்பிய பெரிய கட்டடமொன்றின் இரும்பு எலும்புக்கூடு வானளாவ நிற்கிறது! முன்னேற்றத்தின் நிழலிலே ஒரு பிணம். இயக்குநர் விளக்கவுரை எதுவும் தரவில்லை, காட்டிவிட்டு நகர்கிறார்.

அந்தப் பெத்ரோதான் நம் உள்ளத்தை உலுக்கியவன். கெட்டவனல்லன், நல்லவனாக வேண்டுமென்று துடிப்பவன். துடிப்பது எதற்காக? தாய் ஒருமுறை அன்போடு பார்க்கமாட்டாளா என்பதற்காக. அவள் பார்ப்பதில்லை. பசியோடு வந்தவனுக்குச் சோறில்லை என்கிறாள். பேய்த்தாய் என்று தூற்றுவோம் நாம். பிறகுதான் தெரிகிறது, அவளே சிறுமியாக இருந்தபோது சீரழிக்கப்பட்டவள் என்பதும், அதில் பிறந்தவன் பெத்ரோ என்பதும். அவள் வாழ்வைக் கெடுத்தவன் எவனோ. அவள் வெறுப்பைச் சுமப்பவன் இவன்.

கத்தி செய்யும் பட்டறையில் வேலைக்குச் சேர்கிறான் பெத்ரோ. கை கறுக்க உழைக்கிறான். அங்கே வந்த ஹாய்போ கத்தி ஒன்றைத் திருடிச் செல்கிறான். பழி பெத்ரோவின் மீது விழுகிறது. யாரும் சான்று கேட்கவில்லை, தாயும் கேட்கவில்லை. அடைக்கச் சொல்லிவிடுகிறாள். அவன் போய்ச் சேர்வது, பண்ணையோடு கூடிய ஒரு சீர்திருத்தப் பள்ளிக்கு.

அங்கே நடப்பதை மட்டும் கொஞ்சம் விரித்துரைக்க வேண்டும். உடன் இருக்கும் சிறுவர்களோடு சண்டை மூளுகிறது. ஆத்திரம் தலைக்கேறிய பெத்ரோ, பண்ணைக் கோழிகள் இரண்டைக் கழியால் அடித்துக் கொன்றுவிடுகிறான். பிரம்பெடுப்பார்கள் என்று எதிர்பார்க்கிறான், நாமும் எதிர்பார்க்கிறோம். பள்ளித் தலைவர் பிரம்பெடுக்கவில்லை. முதலில் அவனுக்கு வயிறார உணவு கொடுக்கச் சொல்கிறார். சிறுவர்களை அடைப்பதற்குப் பதிலாக வறுமையை நிரந்தரமாக அடைத்துப் பூட்ட முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று தம் உதவியாளரிடம் ஏக்கத்தோடு சொல்கிறார். பிறகு பெத்ரோவை அழைக்கிறார். 50 பேசோ பணத்தைக் கையில் கொடுக்கிறார். வெளியே போய்ச் சிகரெட் வாங்கி வா என்கிறார். காவல் இல்லை. கூட ஆள் இல்லை. கதவு திறந்திருக்கிறது.

சிறுவனின் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்! தன்னை ஒருவர் நம்புகிறார் என்பதை அவனால் நம்ப முடியவில்லை. மெல்ல நடக்கிறான். திரும்பிப் பார்க்கிறான். பிறகு தலை நிமிர்ந்து நடக்கிறான்.

அந்த இடத்திலேதான் நம் நெஞ்சில் ஒரு பழைய முள் குத்திற்று.

பல ஆண்டுகளுக்கு முன்பு, சிற்றூர் ஒன்றில் இளைஞர்கள் சிலர் கூடிப் படிப்பகம் நடத்திவந்தோம். ஓடு வேய்ந்த ஒரே அறை. நான்கு பலகைகள். சுவரிலே அறிஞர்களின் படங்கள். மாலை தோறும் ஒரு சிறுவன் வருவான். பதின்மூன்று வயதிருக்கும். பக்கத்து உணவுக்கடையில் எச்சில் இலை எடுப்பவன். கிழிந்த சட்டை, கையிலே எப்போதும் கழுவிய ஈரம். படம் பார்க்கத்தான் முதலில் வந்தான். பிறகு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டான். தலைப்புகளை உரக்கப் படித்துக் காட்டுவான். அதைக் கண்டு பெருமைப்பட்டோம் நாம். அறியாமை இருளை அகற்றுகிறோம் என்று மேடையில் முழங்கினோம்.

ஒருநாள், ஆண்டுவிழாவுக்கென்று திரட்டி மேசை அறைக்குள் வைத்திருந்த 140 ரூபாய் காணாமற் போயிற்று.

மேசையின் திறவுகோல் இருக்கும் இடம் நம்மில் நால்வருக்குத் தெரியும். நால்வரையும் எவரும் ஐயுறவில்லை; நாம் ஒருவரையொருவர் ஐயுறவில்லை. நாம் படித்தவர்கள், வெள்ளைச் சட்டைக்காரர்கள், பகுத்தறிவாளர்கள்! எல்லாருடைய கண்களும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பின. "அவன்தான்" என்றார் ஒருவர். "அவனாகத்தான் இருக்க வேண்டும்" என்றார் இன்னொருவர். இல்லை என்றான் சிறுவன். மீண்டும் கேட்டோம். இல்லை என்றான். கன்னத்தில் அறை விழுந்தது. அறைந்த கை நம் கையன்று. ஆனால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது நம் கைதான். கடை முதலாளியிடம் கொண்டுபோய் நிறுத்தினோம். அன்றிரவே அவன் வேலை போயிற்று. மறுநாள் ஊரில் அவனைக் காணவில்லை. எங்கே போனான், என்ன ஆனான், எதுவும் தெரியாது.

அவன் எடுக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது என்று எழுதினால் கதை அழகாயிருக்கும். அப்படி எதுவும் தெரியவில்லை. பணம் கிடைக்கவே இல்லை. எடுத்தவன் அவனாகவும் இருக்கலாம். நால்வரில் ஒருவராகவும் இருக்கலாம். இன்றுவரை தெரியாது. தெரியாது என்பதுதான் முள்.

அந்த வாரமே நம் படிப்பகத்தில் கூட்டம் நடந்தது. எதையும் ஐயுறு, ஏன் என்று கேள், சான்றில்லாததை ஏற்காதே என்று பேசினோம். கைதட்டல் பெற்றோம். கடவுள் உண்டா என்பதற்குச் சான்று கேட்டோம். பேய் உண்டா என்பதற்குச் சான்று கேட்டோம். கைரேகை மெய்யா என்பதற்குச் சான்று கேட்டோம். கிழிந்த சட்டை திருடுமா என்பதற்கு மட்டும் சான்று கேட்கவில்லை! ஏழை கையே திருடும் கை என்பது நமக்குச் சான்று தேவைப்படாத வேதமாக இருந்தது. தோழர்களே, மூடநம்பிக்கை என்பது வேறென்ன?

படத்திலே வேறுவகை மூடநம்பிக்கைகளும் உண்டு. நோயுற்ற பெண்ணின் முதுகிலே உயிருள்ள புறாவைத் தேய்த்து நோயை இறக்குகிறான் அந்தக் கண்ணிழந்த கிழவன். இறந்தவன் பல்லைக் கோத்துக் காப்பாக வைத்திருக்கிறான், சந்தையில் தந்தையால் கைவிடப்பட்ட ஒரு கிராமத்துச் சிறுவன். பிணி தீர்க்கும் புறாவைக் கண்டு நாம் சிரித்தோம். ஆனால் வைத்தியம் பார்க்கும் அதே கிழவன்தான், 1911-வரை முப்பதாண்டுக்கு மேல் மெக்சிகோவை ஆட்டிப்படைத்த போர்ஃபிரியோ தியாஸின் காலத்தைப் பொற்காலமென்று புகழ்கிறான். அடக்கி ஆண்டவன் காலத்தில் ஒழுக்கம் இருந்ததாம்! அதே கிழவன்தான் அறியாச் சிறுமியிடம் தகாத முறையில் நடக்க முயல்கிறான். அதே கிழவன்தான் இளைஞர்களைக் கருவிலே அழிக்கச் சொல்கிறான். புறா வைத்தியமும், பழம்பெருமையும், பலியிடும் ஆசையும் ஒரே உடலில் குடியிருக்கின்றன. இது தற்செயலன்று. காரணத்தைத் தேடிப் பழகாத உள்ளம், நோய் கண்டால் புறாவைத் தேடும். குற்றம் கண்டால் துப்பாக்கியைத் தேடும்.

இங்கே நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். "அப்படியானால் கொலைகாரனுக்குக் குற்றமே இல்லையா? எல்லாப் பழியையும் வறுமையின் தலையில் கட்டிவிடுவதா? ஹூலியானும் ஏழைதானே! அவன் உழைத்தானே! குடிகாரத் தந்தையைத் தாங்கினானே!" என்று கேட்டார்.

நல்ல கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி. ஹாய்போ செய்தது கொலை; அதற்கு வேறு பெயரில்லை. படமும் அவனுக்காக மன்றாடவில்லை. ஏழையென்றாலே உத்தமன், குடிசையென்றாலே கோயில் என்று காட்டிக் கண்ணீர் பெருக்கும் படங்கள் ஏராளம். புனுவல் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. ஏழை ஏழையை அடிக்கிறான். ஊமைக்காயத்தில் உப்புத் தேய்க்கிறான். வறுமை மனிதனை உயர்த்துவதில்லை, சிதைக்கிறது. உயர்த்துமென்றால் அதை ஏன் ஒழிக்க வேண்டும்? போற்றிப் பாதுகாக்கலாமே! சிதைக்கிறது என்பதால்தானே ஒழிக்கச் சொல்கிறோம்!

ஹூலியான் நிமிர்ந்து நின்றான், உண்மை. நூறு பேர் சேற்றில் நடக்கும்போது ஒருவன் வழுக்காமல் நடந்தான் என்றால், அவனைப் பாராட்டுவோம். அதற்காகச் சேற்றை நியாயப்படுத்துவோமா? இன்னொன்றும் உண்டு. வழுக்காமல் நடந்த அவனைத்தான் வழுக்கியவன் முதலில் கொன்றான். சேற்றை அப்படியே விட்டுவைத்தால், நல்லவனுக்கும் அங்கே உயிர்க்காப்பில்லை.

பெத்ரோவின் கதை எப்படி முடிகிறது? பள்ளித் தலைவர் தந்த பணத்தோடு தலைநிமிர்ந்து நடந்தானே, தெருமுனையில் நிற்கிறான் ஹாய்போ. பணத்தைப் பறித்துக்கொள்கிறான். பணமில்லாமல் எந்த முகத்தோடு திரும்புவது? துரத்திப் போகிறான் சிறுவன், சண்டையிடுகிறான், ஹூலியானைக் கொன்றவன் இவனே என்று ஊரறியக் கூவுகிறான். அதற்குப் பழியாக, ஒரு தொழுவத்திலே பெத்ரோவைக் கொல்கிறான் ஹாய்போ. தங்கள் இடத்தில் பிணம் கிடந்தால் வழக்கு வருமென்று அஞ்சி, ஒரு கிழவரும் பேத்தியும் அதைக் கழுதைமேல் மூட்டைபோல் ஏற்றிக்கொண்டு இருளில் செல்கிறார்கள். எதிரே வருகிறாள் தாய். மகனைத் தேடி! காலம் கடந்து கனிந்த நெஞ்சத்தோடு தேடி! வணக்கம் சொல்லிக் கடந்து போகிறார்கள். பிணம் குப்பைச் சரிவிலே உருள்கிறது. படம் முடிகிறது.

பள்ளித் தலைவர் நம்பியது தவறா? இல்லை. பெத்ரோ ஏமாற்றவில்லை; சிகரெட் வாங்கத்தான் போனான், திரும்பி வரத்தான் விரும்பினான். நம்பிக்கை அவனை மனிதனாக்கிற்று. ஆனால் பள்ளி வாயிலுக்கும் கடைக்கும் இடையே ஒரு தெரு இருந்தது. அந்தத் தெருவிலே ஹாய்போ இருந்தான். அந்த ஹாய்போவும் ஒரு சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பி வந்தவன்தான். ஓர் நல்ல மனிதர், ஒரு நல்ல பள்ளி, ஒரு நல்ல செயல் மட்டும் போதாது. வாயிலைத் திறந்துவைத்தவர், வாயிலுக்கு வெளியே உள்ள தெருவையும் மாற்றியாக வேண்டும். ஒருவரால் ஆகாது அது; சமுதாயம் முழுவதும் தோள் கொடுத்தால்தான் ஆகும். படத்தின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறார்கள்: நியூயார்க், பாரிஸ், லண்டன் போன்ற பெருநகரங்களும் தங்கள் மாளிகைகளுக்குப் பின்னால் பட்டினிச் சிறுவர்களை மறைத்து வைத்திருக்கின்றன, இதற்கான தீர்வை முற்போக்கு ஆற்றல்களிடம் விட்டுவிடுகிறோம் என்று.

அத்தகைய படத்தை மெக்சிகோ எப்படி வரவேற்றது? எடுக்கும்போதே எதிர்ப்பு. மெக்சிகோத் தாய் எவளும் மகனுக்குச் சோறு மறுக்கமாட்டாள் என்று சினந்து, சிகை ஒப்பனை செய்த பெண் வேலையை விட்டே போய்விட்டார். வெளிவந்ததும் கூக்குரல். நாட்டின் மானம் போயிற்று, அயல்நாட்டான் நம்மை இழிவுபடுத்தினான், அவனை நாடுகடத்து என்றார்கள். சில நாட்களிலேயே கொட்டகையிலிருந்து படம் எடுக்கப்பட்டது. பட்டினிச் சிறுவனால் போகாத மானம், பட்டினிச் சிறுவனைப் படமெடுத்ததால் போயிற்றாம்!

ஆனால் நாட்டை மெய்யாகவே நேசித்தவர்கள் சிலரும் அங்கே இருந்தார்கள். சுவரோவியங்களால் புகழ்பெற்ற சிக்கேரோஸ் படத்தைப் பாராட்டினார். பாரிசில் மெக்சிகோத் தூதரகத்தில் பணியாற்றிய கவிஞர் ஒக்தாவியோ பாஸ், 1951-இல் கேன்ஸ் திரைப்பட விழாவிலே, படத்தைப் போற்றித் தாம் எழுதிய கட்டுரையைக் கையில் எடுத்துவந்து வழங்கினார். அரசின் ஊழியர், அரசு விரும்பாத படத்துக்குத் துணை நின்றார்! சிறந்த இயக்குநருக்கான பரிசு புனுவலுக்குக் கிடைத்தது. அயலார் பாராட்டியதும் உள்ளூரில் கொட்டகை மீண்டும் திறந்தது. 2003-இல் யுனெஸ்கோ நிறுவனம் அந்தப் படத்தை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எந்தப் படம் நாட்டுக்கு அவமானம் என்றார்களோ, அதுவே நாட்டின் பெருமைகளில் ஒன்றாயிற்று.

இன்னொரு செய்தியும் உண்டு. 1996-இல், மெக்சிகோப் பல்கலைக்கழகத்தின் படக்காப்பகத்தில் அந்தப் படத்துக்கு வேறொரு முடிவு கண்டெடுக்கப்பட்டது. அதிலே ஹாய்போதான் விழுந்து இறக்கிறான். பெத்ரோ பணத்தை மீட்டுக்கொண்டு பள்ளிக்குத் திரும்புகிறான். எதிர்ப்புக்கு அஞ்சி எடுத்துவைத்து, காட்டாமல் விடப்பட்ட முடிவு. எவ்வளவு இனிப்பான முடிவு! பார்த்தவர்கள் பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உறங்கியிருப்பார்கள். கசப்பான முடிவோ உறங்கவிடுவதில்லை.

நம்மையும் உறங்கவிடவில்லை. பெத்ரோவுக்கு ஐம்பது பேசோ கொடுத்து ஒருவர் கதவைத் திறந்தார். நாமோ 140 ரூபாய்க்காக ஒரு கதவை மூடினோம். ஒருவேளை அவனே எடுத்திருந்தாலும், எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனின் விலை அதுதானா? அந்தக் கதவுக்கு வெளியே அவனுக்காக எந்த ஹாய்போ காத்திருந்தானோ! அல்லது அவனே யாருக்கேனும் ஹாய்போ ஆனானோ! அப்படி ஆகியிருந்தால், அவன் எறிந்த கல்லிலே நம் கைரேகையும் பதிந்திருக்கும்.

இளைஞர்களே! உங்கள் ஊர்ப் படிப்பகத்திலும் நாளை ஒரு பொருள் காணாமற் போகும். எல்லாக் கண்களும் ஒரு கிழிந்த சட்டையின் பக்கம் திரும்பும். அப்போது எழுந்து நில்லுங்கள். சான்று எங்கே என்று கேளுங்கள். கடவுளைக் குறித்துக் கேட்ட அதே உறுதியோடு கேளுங்கள். சான்று கிடைத்தாலும் கதவைச் சாத்தாதீர்கள். முதலில் சோறு போடுங்கள், பிறகு காரணம் கேளுங்கள். அந்தக் காரணம் உங்களைத் தெருவுக்கு அழைத்துச் செல்லும்; சேரிக்கு அழைத்துச் செல்லும்; கூலி எவ்வளவு, பள்ளி எங்கே, நிலம் யாருடையது என்ற கேள்விகளுக்கு அழைத்துச் செல்லும். அழைக்கும் இடத்துக்கெல்லாம் செல்லுங்கள்.

நம் படிப்பகம் இன்று இல்லை. அறை இடிந்துவிட்டது. அந்தத் திறவுகோல் மட்டும் எப்படியோ நம்மிடம் தங்கிவிட்டது. மேசை அறையை அது திறந்தது. ஒரு சிறுவனின் வாழ்வைப் பூட்டியது. படம் பார்த்த இரவு அதைத் தேடி எடுத்தோம். துருப்பிடித்திருந்தது. எறிய மனம் வரவில்லை. எழுதும் மேசைமேல், கண்ணில் படும்படி வைத்திருக்கிறோம்.